கடைக் கதிரையும் நோர்வேயின் இரண்டு ராசாக்களும்

என் அன்புக்கும் ஆயுள் முழுக்க ஓயாத வாக்குவாதத்துக்கும் உரிய சகலைக்கு,

பார்த்துவிட்டேன்! ஸ்வெரே ராசாவும் மக்னுஸ் ராசாவும் மோதிக்கொண்ட அந்தக் கடலை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். ஆனி மாதம் உங்கள் மகள் மாலாதான் நோர்வேக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீங்கள் போக வேண்டிய பயணத்தில் நான் போய் வந்தேன் என்று கோபிப்பீர்களோ? கோபியுங்கள். எழுந்து வந்து இரண்டு வார்த்தை திட்டினால்கூட எனக்குச் சந்தோசம்தான்.

முதலில் நம் பெரிய பிழையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ராசாக்களை வைத்து அன்றைக்கு ஊரில் போட்ட நம் நாடகத்துக்குப் பின்திரை வரைந்தவர் கடல் என்று கொழும்புக் காலிமுகத் திடலை மட்டுமே கண்டவர். அதனால் நோர்வேக் கடலில் அலை அடித்தது, ஓரத்தில் தென்னை மரமும் நின்றது. அங்கே அலையே இல்லை சகலை! இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக மலை, நடுவில் ஒடுக்கமான கடல், குளம் மாதிரி அடங்கிக் கிடக்கிறது. கடுகண்ணாவைப் பள்ளத்தாக்கில் பாதி மலை வரைக்கும் தண்ணீர் நிரப்பினால் எப்படி இருக்கும், அப்படி. நம் கடை வாசலில் நின்றால் தெரிகிற மலையை வரைந்திருந்தாலே போதும். நாமோ தென்னோலைக்குப் பச்சைச் சாயம் வாங்கக் கண்டிக்கு ஆள் அனுப்பினோம்.

படகின் ஓரத்தில் நின்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "என்ன சித்தப்பா, தனியா சிரிக்கிறீங்க?" என்று மாலா கேட்டாள். "ஒங்கப்பா என்னைய இந்தத் தண்ணியிலதாம்மா முக்கினாரு" என்றேன். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு வேறாக மாறிவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதை ஒட்டுக் கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும் அல்லவா? நானும் நீங்களும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சரசு அக்கா உங்களுக்கு, பாக்கியம் எனக்கு. பிலிமத்தலாவையில் மாமாவுக்குக் கயிறும் இரும்புச் சாமானும் விற்கிற கடை. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. கல்லாவுக்குப் பின்னால் கைவைத்த தேக்குக் கதிரை ஒன்று இருந்தது. அதில் மாமாவைத் தவிர எவரும் உட்கார்ந்ததில்லை. அவருக்கு நெஞ்சு வலி வந்த பிறகு, அடுத்து அதில் உட்காரப்போகிறவர் யார் என்பதே ஊர்ப் பேச்சாகிவிட்டது. நீங்கள் மூத்த மருமகன். நான் மூன்று வருசம் முன்னதாகவே கடைக்குள் வந்து கயிறு சுற்றியவன். மாமா வாயே திறக்கவில்லை. நாமும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை விட்டோம். ஆணி கேட்டு வந்தவரிடம், "அந்தப் பக்கத்து ஆள்கிட்ட கேளுங்க" என்று நீங்கள் என்னைக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா?

அந்த வருசம் பார்த்துத்தான் நாடகம் வந்தது. கடைக்காரர்கள் சேர்ந்து பொங்கல் கழிந்த ஞாயிறு பகலில் தியேட்டரைப் பிடித்து ஒரு சரித்திர நாடகம் போடுவது வழக்கம். முந்திய வருசத்து நாடகத்தில் வந்த ராசா தமிழருடைய ராசாவா, சிங்களவருடைய ராசாவா என்று தியேட்டர் வாசலில் கைகலப்பு வரப் பார்த்தது. சுதந்திரம் கிடைத்த சூடு ஆறி, யார் இந்த நாட்டுக்காரர், யார் இல்லை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. அதனால் கடைக்காரர் சங்கத்துக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில், "நம்ம பக்கத்து ராசா எவனுமே வேணாம்" என்றார்கள்.

கண்டி நூலகத்தில் தடித்தடியாகப் புத்தகம் எடுத்துப் படிக்கிறவர் நீங்கள்தானே. எழுந்து நின்றீர்கள். "நோர்வேன்னு ஒரு நாடு. ரெண்டு ராசா. ரெண்டு பேரும் செத்து எழுநூத்தம்பது வருசமாச்சு. நம்ம ஊர்ல எவனுக்கும் ஒறவு இல்ல. எவன் செத்தாலும் எவனும் அழமாட்டான்."

எவனும் அழமாட்டானாம்! எவ்வளவு பெரிய பேச்சு அது!

கதையை நீங்கள் கூட்டத்தில் சொன்ன வேகம் இன்னும் காதில் இருக்கிறது. மக்னுஸ் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குருமார் கூடி முடி சூட்டிய ராசா. அவனுடைய உரிமை தாய்வழி, ராசாவின் மகள் வயிற்றுப் பிள்ளை. ஸ்வெரே எங்கேயோ கடல் நடுவில் கிடந்த தீவிலிருந்து வந்தவன். 'என் அப்பன்தான் செத்துப்போன ராசா, என் ஆத்தா சொன்னாள்' என்று வந்து நின்றான். அவன் ஆட்கள் பஞ்சப் பரதேசிகள்; சப்பாத்து வாங்க வழியில்லாமல் காலில் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் திரிந்தவர்கள். ஒரு சிம்மாசனம், இரண்டு பேர், வருசக் கணக்காகச் சண்டை. நடுவில் ஒரு தடவை ஸ்வெரே, 'வா, சேர்ந்தே ஆளுவோம்' என்று கேட்டும் பார்த்தான். மக்னுஸ் முடியாது என்றுவிட்டான். கடைசியில் மலை சூழ்ந்த அந்த ஒடுக்கக் கடலில் இரண்டு பேரின் கப்பல்களும் முகத்துக்கு முகம் வந்து நின்றன.

கதை முடிந்ததும் சங்கத்துக்காரர்கள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ராசா வேசம் யார் யாருக்கு என்று வாக்கெடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பொல்லாத மனிதர்கள்! நீங்கள் ஸ்வெரே, நான் மக்னுஸ். சிம்மாசனத்துக்கு மாமாவின் கடைக் கதிரையைக் கேட்கவும் துணிந்துவிட்டார்கள். "குடுக்கிறேன். ஆனா நாடகம் முடியிற வரைக்கும் ரெண்டு பேருல எவனும் அதுல ஒக்காரக் கூடாது" என்றார் மாமா.

ஒத்திகை தொடங்கி இரண்டு கிழமைக்குள் ஊர் இரண்டாகிவிட்டது. மாசியில் காமன் கூத்து பார்த்து வளர்ந்த சனம் நாம். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் லாவணி பாடி மல்லுக்கட்டுவதை ரசித்தவர்கள், இதை மட்டும் சும்மா விடுவார்களா? பஸ் ஸ்டாண்டில் மக்னுஸ் கட்சி, மரக்கறிச் சந்தையில் ஸ்வெரே கட்சி. ஸ்வெரே உண்மையில் ராசா மகனா, இல்லை புளுகனா என்று முடிவெட்டும் கடையில் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை பிடித்தார்கள். எவனுக்கும் உறவில்லாத ராசா என்றீர்களே சகலை, ஊருக்கே உறவாகிப் போனான்கள்.

நடுவில் நின்று நம் இருவரோடும் பேசியவர் ஹனிபா நானா ஒருவர்தான். கலகெதரையில் தையல் கடை வைத்திருந்தவர். ராசா உடுப்பும் அவர்தான், மேளம் அடித்துக் காட்சிக்குச் சைகை கொடுக்கிறவரும் அவர்தான், கடலைத் தைத்தவரும் அவர்தான். மேடை முழுக்க விரிகிற நீலத் துணி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து ஆட்ட வேண்டும். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்ட கடல்ல ஒத்தரும் சப்பாத்தோட மிதிக்கப் படாது" என்று ஒத்திகைக்கு ஒத்திகை எச்சரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்வெரேயின் பெரிய கப்பலை நீங்கள் கட்டிய விதம் இருக்கிறதே! கடையின் இரண்டு கைவண்டிகளை முன்னும் பின்னும் வைத்து, நடுவில் பலகை போட்டு நீட்டினீர்கள். அந்த ராசாவும் அப்படித்தானாம், கப்பல் சின்னதாகத் தெரிகிறது என்று நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டு நீட்டினானாம். நீங்கள் அதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. அங்கே மாலா அதையே வாசித்துக் காட்டினாள். தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

என் பங்குக்கு மக்னுஸின் கப்பல்கள். அவனிடம் கப்பல் அதிகம். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து நிறுத்தியிருந்தான். நான் தேத்தண்ணிக் கடைப் பெஞ்சுகளை வரிசையாக வைத்து, முகப்புக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை அடித்தேன். பிணைக்க நம் கடைத் தும்புக் கயிறு. ஹனிபா நானா மேளத்தை மூன்று தரம் தட்டியதும் நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போட வேண்டும், கடைசிப் பெஞ்சு மட்டும் மெதுவாகக் கடலுக்குள் சரிய வேண்டும். அதுதான் ஏற்பாடு.

நான் கயிற்றுக் கடைக்காரன், சகலை. ஊரே பார்க்கிற மேடையில், மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இழுத்தால் அவிழ்கிற முடிச்சைக் கட்டக் கை வரவில்லை. கடைக் கயிறு கழன்றுவிட்டது என்று எவனாவது சொல்லிவிட்டால்? லொறியில் மூட்டை கட்டுகிற முடிச்சை எல்லாப் பெஞ்சுக்கும் போட்டு, காலால் மிதித்து இறுக்கிவிட்டேன்.

அந்தப் பகல்! தியேட்டரில் ஊசி குத்த இடமில்லை. பல்லேகலையிலிருந்தும் ஆட்கள் லொறி பிடித்து வந்திருந்தார்கள். திரை விலகியது. வலது பக்கத்தில் மாமாவின் கதிரை தன்னந்தனியாக. நீங்கள் கையை நீட்டி, "மக்னுஸ், வா, பாதிப் பாதியாக ஆளுவோம்" என்றீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "முடி சூடிய தலை பாதியாகாது!" என்றேன். அதை நான் மக்னுஸாகச் சொன்னேனா, உங்கள் சகலையாகச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மக்னுஸ் கட்சி அடித்த விசிலில் மோட்டுத் தகரம் அதிர்ந்தது.

பிறகு கடல் எழும்பியது. ஹனிபா நானாவின் மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. உங்கள் கைவண்டிக் கப்பல் அசையாத சுவர் மாதிரி என் முன்னால் நின்று ஈட்டியையும் கல்லையும் வாங்கிக்கொண்டது. உங்கள் மரப்பட்டைக் கால்காரர்கள் அதற்குள் சுற்றிப் போய் என் ஓரக் கப்பலில் பாய்ந்தார்கள். என் ஆட்கள் அடுத்த பெஞ்சுக்குத் தாவினார்கள். அதையும் பிடித்தார்கள், அதற்கும் அடுத்ததற்குத் தாவினார்கள். ஒரு கப்பலில் தோற்றவன் எல்லாம் மறு கப்பலுக்குப் பாரமாக வந்து சேர்ந்தான். அன்றைக்கு அந்தக் கடலில் நடந்ததும் அதுவேதான்! கடைசியில் என் படை முழுக்க ஒரே பெஞ்சில், ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்துக்கொண்டு, நடுவில் முடியோடு நான்.

மேளம் மூன்று தரம் விழுந்தது. நுனியை இழுத்தார்கள். முடிச்சு அசையுமா? இன்னும் பலமாக இழுத்தார்கள். கடைசிப் பெஞ்சு குடை சாய்ந்தது. அது தன்னோடு பக்கத்துப் பெஞ்சை இழுக்க, அது அடுத்ததை இழுக்க, மக்னுஸின் மொத்தக் கப்பற்படையும் தேயிலைப் பெட்டியோடு என் மேலே வந்து இறங்கியது. சனம் எழுந்து நின்று கைதட்டியது. நீலத் துணிக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழ் என் காலைக் காணவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் கிடந்தேன்.

மேலே நீங்கள் பேசத் தொடங்கினீர்கள். உண்மையிலும் ஸ்வெரே அப்படிச் செய்தவன்தான். தண்ணீரிலிருந்து எடுத்த மக்னுஸின் உடலை மரியாதையோடு அடக்கம் செய்து, கல்லறை அருகே நின்று பேசினான். உங்கள் வசனம் பாதியில் இருந்தது. அப்போதுதான் பின்வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"எழுப்புங்கய்யா ராசாவ!"

நம் சனத்துக்குக் கூத்து என்றால் அதுதானே? காமன் எரிவான், ரதி அழுவாள், ஆனால் எழுப்பித் தராமல் எவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். செத்தவனைக் கிடத்திவிட்டுத் திரையை இறக்கினால் ஊருக்கு ஆகாது. ஒரு குரல் பத்தாகி, தியேட்டர் முழுக்க "எழுப்பு! எழுப்பு!" என்றானது. உங்கள் ஸ்வெரே கட்சிக்காரர்களும் கத்தினார்கள். புத்தகத்தில் இல்லாததை எப்படிச் செய்வது என்று நீங்கள் முழித்திருப்பீர்கள். அந்த முகத்தை நான் பார்க்கவில்லையே!

நீங்கள் கப்பலிலிருந்து கடலுக்குள் இறங்கினீர்கள். "அல்லாவே, சப்பாத்து! கடல் கிழியப் போகுது!" என்று ஹனிபா நானா அலறியது எனக்குக் கேட்டது. துணியை விலக்கிக்கொண்டு உங்கள் முகம் வந்தது. மாதக் கணக்கில் என்னோடு பேசாத முகம்.

"சகல, கால் அசையுதா?"

"அசையல்ல."

"என்ன எழவு முடிச்சுய்யா இது?"

"லொறி முடிச்சு."

உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீசைக்குள் அடக்கினீர்கள், ஆனால் வந்தது. பிறகு எழுந்து நின்று, "பட்டைக்காலன்களே, வாங்கடா!" என்று கத்தினீர்கள். உங்கள் படையும், எழும்பி வந்த என் படையும் ஒன்றாகக் குனிந்து, அவிழாத அந்தக் கப்பல்களைச் சேர்த்தே தூக்கின. சனம் போட்ட சத்தத்தை நான் இந்த உலகத்தில் வேறு எங்கேயும் கேட்டதில்லை.

என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினீர்கள். என்னால் நிற்க முடியவில்லை. மேடையின் மறு பக்கத்தில் மாமாவின் கதிரை. வென்ற ராசா போய் உட்கார வேண்டிய இடம். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், முன்வரிசையில் மாமாவைப் பார்த்தீர்கள். ஒரு பெஞ்சை நிமிர்த்தச் சொல்லி, என்னை அதில் இருத்தி, என் பக்கத்தில் நீங்களும் இருந்துகொண்டு, ராசா தமிழையெல்லாம் விட்டுவிட்டு நம் பேச்சில் சொன்னீர்கள்: "கதிரை ஒண்ணுதான், ஆள் ரெண்டு பேரு. அதுக்கு என்ன இப்ப? பெஞ்சு போட்டுக்குவோம்."

மாமா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். காலை நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் காட்டி எண்ணெய் போட்டுக் கட்டிக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனபோது, கதிரை வீட்டுக்குப் போயிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் அந்தப் பெஞ்சு இருந்தது. "மருமகனுங்களுக்கு அதுதான் சரி" என்று மட்டும் மாமா சொன்னார். அதிலேயே நாம் கிழவனானோம். கலவரம் வந்த காலத்திலும், கடைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தது அதே பெஞ்சில்தான். நான் நொண்டி நொண்டி நடக்கும்போதெல்லாம், "மக்னுஸ் வாறாரு" என்று நீங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்வீர்கள்.

போன ஐப்பசியில் உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோய் வைத்தோம். காடாற்றி முடிந்து எல்லோரும் திரும்பி நடந்தபோது என்னால் நடக்க முடியவில்லை சகலை. அந்தப் பின்வரிசை ஆள் இருக்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் "எழுப்புங்கய்யா" என்று கத்தமாட்டானா? நீங்கள் என்னை எழுப்பினீர்கள். எனக்கு உங்களை எழுப்பத் தெரியவில்லை.

சரி, அழுகிற கடிதம் இல்லை இது. செய்தி இருக்கிறது, கேளுங்கள். உங்கள் ரவியும் என் கணேசனும் இப்போது பேசிக்கொள்வதில்லை. கடையை நடுவில் மதில் எழுப்பிப் பிரிக்கப் போகிறார்களாம். மேசன் பாஸ் வந்து நூல் பிடித்துப் பார்த்தார். நூல் நேராக நம் பெஞ்சின் நடுவால் போகிறது! "அப்பா, அந்தப் பெஞ்ச வீட்டுக்குக் கொண்டு போயிருங்க, மதில் அதுக்கு மேலதான் வருது" என்கிறான் கணேசன். நான் எழும்பவில்லை. "கல்லை என் மடியில வைச்சுக் கட்டச் சொல்லு" என்றேன்.

பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. சங்கத்தில் போய்ப் பேசினேன். இந்தத் தையில் நோர்வே நாடகம் மறுபடியும் மேடை ஏறுகிறது! ராசாக்கள் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார்! மதிலுக்கு முன்னால் நாடகம், நாடகம் முடியும் வரை கல் இறக்கக் கூடாது என்று இருவரிடமும் வாக்கு வாங்கியிருக்கிறேன். இருவருக்கும் ஸ்வெரேதான் வேண்டுமாம். மாலா தொலைபேசியில் சீட்டுப் போடச் சொன்னாள். உங்கள் ரவிக்கு மக்னுஸ் விழுந்தது. "சித்தப்பா, நான் தோக்கணுமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "தோத்துப் பாரு மகன், நல்லா இருக்கும்" என்றேன்.

பின்திரையில் இந்த முறை கடுகண்ணாவை மலை. ஹனிபா நானாவின் பேத்தி புதுக் கடல் தைக்கிறாள். அந்த ஸ்வெரே உண்மையில் ராசா மகனா இல்லையா என்று படகில் வந்த வழிகாட்டியிடம் மாலாவைக் கேட்கச் சொன்னேன். இன்னும் முடிவாகவில்லையாம்! முடிவெட்டும் கடையில் சொன்னேன், சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது.

மதில் வராது என்று நான் உங்களுக்கு வாக்குத் தரமாட்டேன். பிள்ளைகளின் மனசு என் கையில் இல்லை. ஆனால் பெஞ்சுகளைப் பிணைக்கிற வேலையை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போடுங்கள் என்று இருவரும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். கீழே பஞ்சு மெத்தை போட்டுவிட்டேன், கால் உடையாது, பயப்படாதீர்கள்.

அன்றைக்கு லொறி முடிச்சைப் பெருமைக்காகக் கட்டினேன். இந்த முறை தெரிந்தே கட்டுகிறேன். விழுகிறவனை மற்றவன் கடலுக்குள் இறங்கி வந்து எழுப்புகிற வரைக்கும் திரையை இறக்க விடமாட்டேன். பின்வரிசையில் கத்த ஆள் இல்லையென்றால், நொண்டிக்கொண்டு போய் அங்கே நின்று நானே கத்துவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

பெஞ்சின் இந்தப் பக்கத்திலிருந்து, அந்தப் பக்கத்தில் எவரையும் உட்கார விடாமல்,
உங்களிடம் தோற்ற ராசா,
உங்கள் சகலை